நாற்று காத்திருக்காது

மேட்டூர் அணை திறக்கும் காலம் நெருங்கினால் நாளிதழ்களில் அடிக்கணக்கு தொடங்கிவிடும். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று தினமும் வரும். அணை திறந்த பிறகு ஏக்கர் கணக்கு வரும். குறுவை இலக்கு எவ்வளவு, நடவு முடிந்தது எவ்வளவு என்று அதிகாரிகளும் அமைச்சர்களும் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகிற ஒன்று உண்டு. வயலில் இறங்கும் நாற்றுக்கு அன்று என்ன வயது என்பது அது. விளைச்சலின் பெரும்பகுதி அதில்தான் தீர்மானமாகிறது. ஆனால் எந்த அரசுப் பதிவேட்டிலும் அதை எழுத ஒரு கட்டம் இல்லை.

திருவிடைமருதூர் பக்கத்தில் மூன்றரை ஏக்கரில் நெல் போடுகிறவள் நான். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி மடையில் இருக்கிறது. தலைமடைக்காரர்கள் சேடை ஓட்டி நடவு முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் எட்டும். அதுவரை எங்கள் நாற்றங்காலில் நாற்று நின்றுகொண்டிருக்கும், வயது ஏறிக்கொண்டிருக்கும். அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான்: தண்ணீர் திறப்பையும் முறை வைப்பதையும் நாற்றின் வயதோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். முதல் மூன்று வாரத்தில் நெல்லுக்கு நேரும் கேட்டை அடுத்த மூன்று மாதத்தில் எந்த உரத்தாலும் சரிசெய்ய முடியாது.

நான் மருமகளாக இந்த ஊருக்கு வந்தபோது நாற்றங்கால் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் என் மாமனார். வரப்பில் நின்று பச்சையைப் பார்த்துவிட்டு வருவது அவருக்குப் பிடிக்காது. சேற்றில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரை அலசி, அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அடி தட்டையாக, சதைப்பற்றாக இருந்தால் முகம் மலரும். உருண்டு விறைத்துப்போய் இருந்தால் பேச மாட்டார். ஒருமுறை அந்தத் தட்டை அடியை என் கையில் வைத்து, "ஏம்மா, தூரெல்லாம் இங்கதான் ஒளிஞ்சிருக்கு. இது உருண்டுபோச்சுன்னா அப்புறம் மூட்டை மூட்டையா யூரியா கொட்டுனாலும் வெளிய வராது" என்றார்.

அவர் விரலால் அறிந்ததற்கு விஞ்ஞானத்தில் விளக்கம் இருக்கிறது. நெற்பயிரின் ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு மொட்டு உறங்குகிறது. அது விழித்தால் பக்கத்தூர். தாய்த்தண்டில் ஐந்தாவது இலை வெளிவரும் நேரத்தில் இரண்டாவது இலையின் அடியிலிருந்து தூர் எட்டிப் பார்க்கும். ஆறாவது இலை வரும்போது மூன்றாவது இலையின் அடியிலிருந்து வரும். இலைக்கும் தூருக்கும் உள்ள இந்த ஒழுங்கை ஜப்பானிய ஆய்வாளர் கடயாமா 1951-இல் விரிவாக எழுதினார். முதலில் வரும் தூர்களுக்கே காலம் அதிகம். அவற்றிலிருந்து மறுதூர்கள் கிளைக்கும், பெரிய கதிர் வரும்.

நாற்றங்காலில் நாற்றுகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழுகிறது, வேரோடு வேர் பின்னிக்கொள்கிறது. அந்த நெருக்கடியில் நாலாவது, ஐந்தாவது இலை வந்தாலும் அடி மொட்டுகள் விழிப்பதில்லை. உரிய நேரத்தில் விழிக்காத மொட்டு பெரும்பாலும் பிறகு விழிப்பதே இல்லை. நாற்றங்காலில் கூடுதலாக நிற்கிற ஒவ்வொரு வாரமும், வந்திருக்க வேண்டிய தூர்களில் சிலவற்றை அழித்துவிட்டுத்தான் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் நாற்று உயரமாக, பச்சையாக, நன்றாகவே இருக்கும். அதனால்தான் இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

மாதத்துக்கு ஒரு வாரம் என்பது எங்கள் பக்கத்துப் பழைய கணக்கு. மூன்றரை மாத நெல்லுக்கு மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூட, நான்கு மாத நெல்லுக்கு நான்கு வாரம், ஐந்து மாத நெல்லுக்கு ஐந்து வாரம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குறுகிய கால ரகங்களுக்குச் சொல்லும் 18 முதல் 22 நாள் என்பதும் ஏறக்குறைய இதுதான். குறுவைக்கு நாங்கள் போடும் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 எல்லாம் 110 நாள் வயதுடையவை. பால் பிடித்து மணி முற்ற 30 நாள், கதிர் உள்ளே உருவாகிப் பூக்க ஏறத்தாழ 35 நாள் போனால், தூர் கட்டுவதற்கென்று இருப்பது சுமார் 45 நாள்தான். அந்த 45 நாளில் 40 நாளை நாற்றங்காலிலேயே கழித்துவிட்ட பயிர் வயலில் வந்து என்ன தூர் கட்டும்? நடும்போதே அதன் உள்ளே கதிர் கருக்கொள்ளத் தொடங்கியிருக்கும். நட்ட மூன்றாம் வாரத்தில் தாய்த்தண்டில் மட்டும் நோஞ்சானாக ஒரு கதிர் நீட்டும். டெல்டாவில் இதைப் பார்க்காத விவசாயி இல்லை.

நீண்ட கால சம்பா நெல்லுக்கு இந்த நெருக்கடி குறைவு. சி.ஆர். 1009 போன்ற ஐந்து மாத நெல் ஒரு வாரம் பத்து நாள் தாமதத்தைத் தாங்கிக்கொள்ளும். வயலில் தூர் கட்ட அதற்கு இன்னும் காலம் மிச்சம் இருக்கும். ஆகவே தண்ணீர் தாமதமானால் சம்பாவுக்கு ஆகும் இழப்பும் குறுவைக்கு ஆகும் இழப்பும் ஒன்றல்ல. குறுவைக்குத் தேதிதான் உயிர்.

தேதிகளின் வரலாற்றைப் பாருங்கள். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது 1934-இல். டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்க மரபாக வைத்த நாள் ஜூன் 12. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்த நாளில் அணை திறக்கவில்லை. 2012-இல் செப்டம்பர் 17, 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2. பிறகு 2020, 2021 ஆண்டுகளில் ஜூன் 12-க்கே திறந்தது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தது. 2023-இல் ஜூன் 12. 2024-இல் மறுபடி ஜூலை 28. 2025-இல் ஜூன் 12. கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையேயான காவிரி வழக்கையும் வானத்தையும் வைத்துத்தான் இந்தத் தேதி வருகிறது என்பது எனக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொல்லியும், ஜூன் மாதத்துக்குரிய பங்கு 9.19 டி.எம்.சி.தான். தண்ணீர் வருவதை டெல்டா விவசாயி கட்டுப்படுத்த முடியாது. ஆனால் எப்போது வரும் என்பதை அவளிடம் முன்கூட்டிச் சொல்ல முடியும். தாமதம் ஆகுமென்றால் அதையும் உடனே சொல்ல முடியும். முன்கூட்டியே திறப்பதானாலும் நாற்றங்காலுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

இன்னொன்று. அணை திறக்கும் தேதி எங்கள் வயலின் தேதி ஆகாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளாவது ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்காலுக்கும் இறங்கி, முறை வைத்து, கடைசி மடைக்கு வரும்போது எத்தனையோ நாள் கழிந்திருக்கும். தூர் வாராத வாய்க்காலாக இருந்தால் இன்னும் கூடும். ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் இருவர் ஒரே நாளில் விதை விட்டால், தலைமடைக்காரரின் நாற்று 22 நாளில் நடவாகிறது, கடைமடைக்காரரின் நாற்று 35 நாளில் நடவாகிறது. ரகம், மண், உரம், உழைப்பு எல்லாம் ஒன்றுதான். அறுவடையில் மட்டும் வித்தியாசம் வருகிறது. அதற்குக் காரணம் வாய்க்காலில் அவரவர் வயல் இருக்கும் இடம். ஆனால் விளைச்சல் குறைந்தவரைப் பார்த்து ஊர் சரியாகப் பயிர் பார்க்கவில்லை என்று பேசும்.

வயதான நாற்றுக்கு அடுத்த அடி பறிப்பில் விழுகிறது. எங்கள் பக்கம் நாற்றுப் பறிப்பது ஆண்கள், நடுவது பெண்கள். எங்கள் களிமண்ணில் முற்றிய நாற்றைப் பிடுங்கினால் வேர் பாதி மண்ணிலேயே நின்றுவிடும். ஒட்டிய சேற்றை உதற நாற்றைப் பாதத்தில் அடித்து முடி போடும்போது மிச்ச வேரும் நைந்துபோகும். அந்த முடி வெயிலில் கிடந்து, மறுநாள் நடப்பட்டு, வயலில் பச்சை பிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தூர் கட்டுவதற்கு மிஞ்சியிருந்த கொஞ்ச நாளும் இப்படிப் போய்விடுகிறது. இதில் பறிப்பவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, ஒரே நேரத்தில் ஊர் முழுதும் நடவு விழும்போது, மெதுவாகப் பறியுங்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வேர் அறுபடாமல் இருக்க வழி உண்டு. விதைத்துப் பத்தாம் நாள் சென்ட்டுக்கு 4 கிலோ ஜிப்சமும் 1 கிலோ டி.ஏ.பி.யும் நாற்றங்காலில் போடச் சொல்லி வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. களி இளகி நாற்று வேரோடு எழும். ஒரு ஏக்கர் நடவுக்கு நாற்றங்கால் 8 சென்ட் போதும். செலவு சிறிது, ஆனால் நாற்றங்காலுக்கென்று பணம் ஒதுக்கும் பழக்கம் நமக்கு வரவில்லை.

இளம் பருவத்துச் சிரமம் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. அளவோடு கொடுத்த சிரமம் பயிரைத் தேற்றும் என்பதும் நாங்கள் அறிந்ததுதான். முளை தெளித்த மறுநாள் நாற்றங்கால் தண்ணீரை வடித்துவிடுவோம். முதல் சில நாள் மண் ஈரமாக மட்டும் இருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது. அப்போதுதான் வேர் கீழே இறங்கிப் பிடிக்கும். தேங்கிய நீரில் முளைத்த நாற்று காற்றுக்காக மேலேயே நீண்டு வெளுத்து நிற்கும். நேரடி விதைப்புக்குப் போகும் நெல்லை 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தும் விதைக் கடினப்படுத்தலும் இந்த வகைதான். முளைப்பதற்கு முன்பே விதை ஒருமுறை நனைந்து காய்ந்துவிடுகிறது. பிறகு புழுதியில் ஈரம் குறைந்தாலும் அது தாக்குப்பிடிக்கிறது. ஆரம்பத்தில் லேசான வறட்சியைக் கண்ட செடி, மறுமுறை வறட்சி வரும்போது விரைந்து தன்னைக் காத்துக்கொள்வதைப் பல பயிர்களில் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். வேண்டிய சிரமம் எது, கெடுக்கும் சிரமம் எது என்பதை அளவும் நேரமும் தீர்மானிக்கின்றன. சில நாள் தண்ணீர் தேங்காமல் வடித்துவைப்பது நாங்கள் தெரிந்து செய்வது. இரண்டு வாரம் நாற்றை நெருக்கடியில் நிறுத்திவைப்பது எங்கள் மேல் திணிக்கப்படுவது.

நாற்றின் வயது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகுக்குக் காட்டியது மடகாஸ்கர். அங்கே விவசாயிகளோடு வேலை செய்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி தெ லொலனியே, 1983-இல் கால நெருக்கடியால் 15 நாள் நாற்றையே நட வேண்டியதாயிற்று. குஞ்சு நாற்று கருகிவிடும் என்று நினைத்த இடத்தில் தூர் பெருத்து நின்றது. அதிலிருந்து வளர்ந்த முறைதான் தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு என்றும் செம்மை நெல் சாகுபடி என்றும் பெயர் பெற்றது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர இடைவெளி. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். இந்த முறைக்கு எவ்வளவோ பயிற்சி கொடுத்தார்கள், களையெடுக்கக் கோனோ வீடர் கொடுத்தார்கள். ஆனால் 14-ஆம் நாள் வயலில் தண்ணீர் இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. பம்புசெட் வைத்திருப்பவர்களிடம் அது நிலைத்தது, வாய்க்காலை நம்பியவர்களிடம் நிலைக்கவில்லை.

இயந்திர நடவிலும் இதே கதை நடக்கிறது. 2024-இல் குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஆள் கிடைக்காத காலத்தில் அது நல்ல உதவிதான். ஆனால் இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால் வேண்டும். விரல் கனத்துக்கும் குறைவான மண்ணில் வளரும் அந்த நாற்று இரண்டு வாரம் தாண்டியதுமே நடவுக்குப் போயாக வேண்டும். நாள் கடந்தால் வேர் பின்னி, இலை மஞ்சளாகி, இயந்திரத்தின் பிடிக்கும் அடங்காமல் போகும். சாதாரண நாற்றங்கால் பொறுத்துக்கொள்ளும் தாமதத்தைக்கூடப் பாய் நாற்று பொறுக்காது. அந்த 2024-இல்தான் அணை ஜூலை 28-இல் திறந்தது.

இதற்கெல்லாம் மாற்று நேரடி விதைப்பு என்று சிலர் சொல்கிறார்கள். பறிப்பு இல்லை, வேர் அறுபடுவது இல்லை, நாற்றங்கால் நெருக்கமும் இல்லை, உண்மை. ஆனால் களை இரண்டு மடங்கு, சமமில்லாத வயலில் முளைப்பும் சமமாக இருக்காது. ஐப்பசி மழையில் இளம்பயிர் மூழ்கும் ஆபத்தும் நேரடி விதைப்புக்கே அதிகம். மூழ்கலைத் தாங்கும் ரகங்கள் வந்திருப்பது உண்மை. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லில் இருந்த சப்1ஏ மரபணுவை 2006-இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். அந்த மரபணு உள்ள நெல் தண்ணீருக்குள் போனால் மேலே எட்டிப்பிடிக்க நீண்டு தன் சக்தியை வீணாக்காது. வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் வரை காத்திருக்கும். எங்கள் பக்கம் சி.ஆர். 1009 சப்-1 இப்படி வந்ததுதான். வெள்ளத்தைத் தாங்க ரகம் கண்டுபிடித்துவிட்டார்கள். நாற்றங்காலிலேயே நிறுத்தப்பட்டுக் கிழடாவதைத் தாங்கும் 110 நாள் ரகம் எதையும் நான் பார்த்ததில்லை. அதற்கு மருந்து நிர்வாகத்தில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்? முதலாவது, வாய்க்கால் வாரியாகத் தேதி. பொதுப்பணிக்காரர்களிடமும் நீர்வளத் துறையிடமும் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாளில் நீர் எட்டும் என்ற அனுபவம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மே மாதத்திலேயே ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் அந்த வாய்க்காலின் தலை, நடு, கடை மூன்றுக்கும் உத்தேசத் தேதி ஒட்டப்பட வேண்டும். தேதி மாறினால் அன்றே மாற்றி ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, சமுதாய நாற்றங்கால். இது புதிய யோசனை இல்லை, வேளாண்மைத் துறை ஏற்கெனவே அறிந்ததுதான். நாற்றங்காலுக்கு வேண்டிய நிலம் நடவு வயலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆழ்துளைக் கிணறு உள்ள இடத்தில் பத்து நாள் இடைவெளி விட்டு மூன்று தவணையாக நாற்று விட்டால், எந்தத் தவணை நாற்று வயதுக்கு வருகிறதோ அதைத் தண்ணீர் வந்த மடைக்குக் கொடுக்கலாம். ஒரு தவணை வீணானாலும் அரசுக்கு ஆகும் செலவு விதையும் கூலியும்தான். தனி விவசாயி இந்த மூன்று தவணையைத் தாங்க முடியாது. ஊர் தாங்கும்.

மூன்றாவது, காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டில், ஒரு கிராம அளவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும் விதி உண்டு. ஆனால் 40 நாள் நாற்றை வேறு வழியின்றி நட்டவருக்கு அதில் இடம் இல்லை. அவர் நட்டுவிட்டார், கணக்கில் அவர் வயல் பச்சையாக இருக்கிறது. முற்றிய நாற்றை அழித்துவிட்டு மறுபடி விதை விடுகிறவருக்கு விதைச் செலவையாவது ஈடுகட்டும் ஏற்பாடு வேண்டும்.

நான்காவது, நடவுக் கணக்கெடுக்க வரும் வேளாண் அலுவலர்கள் பரப்போடு நாற்றின் வயதையும் எழுதட்டும். மூன்று நான்கு பருவம் எழுதினாலே எந்த வாய்க்காலில் ஆண்டுக்காண்டு முற்றிய நாற்று நடப்படுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். தூர் வாருவதற்கு எங்கே முதலில் போக வேண்டும் என்பதும் அதிலேயே தெரியும். எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. குறுவைக்காக எத்தனையோ ரகம் கொடுத்த அந்த நிலையத்தின் வாசலிலேயே இந்தத் தகவல் குவிந்து கிடக்கிறது, எழுதி வைக்கத்தான் ஆள் வேண்டும்.

அடுத்த குறுவைக்கு முன் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நான் போவேன். உர மானியத்தைப் பற்றியோ கொள்முதல் விலையைப் பற்றியோ பேச மற்றவர்கள் இருக்கிறார்கள், அவையும் பேச வேண்டியவைதான். நான் கேட்கப்போவது எங்கள் வாய்க்காலின் கடைசி மடைக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வரும் என்பதை. அதை உறுதியாகச் சொல்லுங்கள், தவறினால் உடனே தகவல் கொடுங்கள். அந்தத் தேதியிலிருந்து 22 நாள் பின்னோக்கி எண்ணி விதையை ஊறவைக்க எங்களுக்குத் தெரியும்.